ஒற்று மிகும் இடம்

1

மாலை நான்கு மணி பதினேழு நிமிடம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மேடையில் இருந்த ஒரு கதிரை. அதன் இரு பக்கமும் மும்மூன்றாக நீலப் பிளாஸ்டிக் கதிரைகள். நடுவில் இருந்தது மட்டும் சிவப்பு வெல்வெட் தைத்து, கைப்பிடிகளுக்குப் பொன்னிறம் பூசிய கலியாணக் கதிரை. மணவறை அலங்காரம் செய்பவர்களிடம் வாடகைக்கு எடுத்தது. ஒரு காலில் போன கலியாணத்தின் மல்லிகைச் சரம் காய்ந்து சுற்றியிருந்தது.

இடம், தென் லண்டனில் மிச்சம். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிக்க வேண்டாம், பகுதியின் பெயரே அதுதான். 'நாங்கள் மிச்சத்தில் இருக்கிறோம்' என்று நான் எழுதும் கடிதங்களை என் தங்கை பத்து வருடமாகச் சிரித்துக்கொண்டுதான் வாசிக்கிறாள். நிகழ்ச்சி, சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் பதினைந்தாவது ஆண்டு விழா. அழைப்பிதழில் நான்கு மணி என்று இருந்தது. நான் எண்ணியபோது மண்டபத்தில் பதினொரு பேர். அதில் இருவர் ஒலிவாங்கியுடன் போராடிக்கொண்டிருந்தார்கள்.

என்னுடன் வந்தவள் மகள் ஆரணி. பதினான்கு வயது. அடுத்த சனிக்கிழமை சினிமாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னதால் வந்தாள். மடியில் கறுப்பு அட்டை போட்ட தடித்த ஆங்கில நாவல். இரத்தம் குடிக்கிற ஒருவனை ஒரு பெண் காதலிக்கிற கதை. இந்த வருடம் லண்டனில் அந்த வயதுப் பிள்ளைகள் எல்லோருடைய மடியிலும் அந்த மாதிரி ஒன்று இருக்கிறது.

என் கைப்பையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. விழாவுக்கு நான் போனது அதற்காகத்தான். பாடசாலைத் தலைவர் சிவபாதம் மாஸ்டரை, அவர் அந்த வெல்வெட் கதிரையில் இருக்கும்போதே, இருநூறு பேருக்கு முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும். இதை நாகரிகமான சொற்களில் சொல்லலாம். யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றில் ஆறு வருடம் ஒப்புநோக்குநராக இருந்தவள் நான். அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பது வேலை. நாகரிகமான சொற்கள் எதையெல்லாம் மூடும் என்று தெரியும். அதனால்தான் தவிர்க்கிறேன்.

2

இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு சனிக்கிழமையில் இருந்து தொடங்க வேண்டும்.

ஆரணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பாடசாலையில் 'நான் விரும்பி வாசித்த நூல்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். அவள் எழுதியது ஒரு துப்பறியும் கதையைப் பற்றி. மலிவான மட்டித் தாள், அட்டையில் ஒரு கத்தியும் பாதி முகமும். நான் வேலை செய்யும் நூலகம் கழித்துவிட்ட புத்தகங்களின் பெட்டியில் இருந்து கொண்டுவந்து கொடுத்திருந்தேன். அதை ட்ராமில் வாசித்துக்கொண்டு போய் இறங்க வேண்டிய தரிப்பைத் தவறவிட்டாள். தமிழ் எழுத்தால் அவள் தரிப்பைத் தவறவிட்டது அதுதான் முதல் தடவை. நான்கு பக்கம் கட்டுரை எழுதினாள். கொலை செய்தது யார் என்பதைச் சொல்லாமலே எழுதியிருந்தாள். எனக்குத் தெரிந்த நிருபர்கள் பலருக்கு அது வராது.

அவளைக் கூட்டிவரப் போனபோது வகுப்பு முடியவில்லை. கதவின் கண்ணாடியால் பார்த்தேன். ஆரணி எழுந்து நிற்கிறாள். சிவபாதம் மாஸ்டர் அவளுடைய கட்டுரையை உரத்து வாசிக்கிறார். கதையை அல்ல, பிழைகளை. பதினேழு சிவப்பு வட்டங்கள், எல்லாம் ஒற்றுப் பிழைகள். ஒவ்வொன்றிலும் நிறுத்தி, "இந்த இடத்தில என்ன வரும்?" என்று கேட்க, வகுப்பே "க்", "த்", "ப்" என்று கத்துகிறது. பலகையில் உதாரணம் எழுதினார். 'வேலை தேடி வந்தான். வேலையைத் தேடி வந்தான்.' முதலாவதில் ஒற்று வராது, இரண்டாவதில் வரும். ஆரணியை இரண்டையும் மூன்று தரம் சொல்ல வைத்தார்.

பிறகு சொன்னார்: "இவவின்ர அம்மா ஊரில பேப்பருக்குப் பிழை திருத்தினவவாம். அப்ப வீட்டில ஆர் திருத்துறது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் அந்தப் புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கி, "இது கடலை சுத்துற தாள்" என்று சொல்லிக் குப்பைக் கூடையில் போட்டார்.

நான் உள்ளே போகவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். கதவின் பிடியில் கை இருந்தது, திறக்கவில்லை.

அன்று ட்ராமில் ஆரணி யன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஐ ஆம் டன், அம்மா" என்றாள். அதன்பின் அந்த வகுப்புக்குப் போகவில்லை. தமிழில் எதையும் வாசிக்கவில்லை. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். தமிழில் எஞ்சியது தலையாட்டிச் சொல்லும் 'ஓம்' என்ற ஒரு சொல். அதுவும் களைத்திருக்கும்போது மட்டும்.

3

நூலகத்தில் என் வேலை முன்மேசையில். தமிழுக்கு இரண்டு தட்டுகள், ஒரு பக்கம் உருது, மறுபக்கம் போலிஷ். இல்லாத புத்தகம் வேண்டுமென்றால் ஒரு படிவம் நிரப்பிப் பெட்டியில் போட வேண்டும். கணினி தமிழ் எழுத்தை ஏற்காது. ஆகவே தலைப்பை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். அதில் ஒற்றெல்லாம் ஓடிவிடும். கீழே 'வேறு மொழி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. விரும்பினால் அதில் சொந்த மொழியில் எழுதலாம். அதை யாரும் நிரப்புவதில்லை. விண்ணப்பித்தவருக்கு இருபத்தெட்டு நாட்களுக்குள் பதில் போக வேண்டும். ஒன்றில் புத்தகம், அல்லது 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற முத்திரை.

பாடசாலையின் ஆண்டு மலரைத் தொகுப்பவன் குகன். கணினிக் கடை வைத்திருக்கிறான், நல்லவன், மாஸ்டரிடம் பயம். ஆரணி வகுப்பை விட்ட அதே வருடம் என்னிடம் வந்து சிறுவரும் இளையோரும் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் கேட்டான். அது மாஸ்டரின் மலர் என்று தெரிந்தும் எழுதிக் கொடுத்தேன். ஒரு பிள்ளையாவது தரிப்பைத் தவறவிடட்டும் என்று நினைத்தேன். இருபத்துநான்கு நூல்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வரிக் குறிப்பு.

ஊரில் இருந்து பேரப்பிள்ளைகளுக்குப் புத்தகம் அனுப்புகிறவர்களுக்காக, நான் தேர்ந்தெடுத்த முறையை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு வயதுக்கு, ஒன்றையொன்று ஏமாற்றுகிற மிருகங்களின் கதை. கடைசியில் நீதி இருந்தால் அந்தப் பக்கத்தைப் பசை போட்டு ஒட்டிவிடுங்கள். பத்து வயதுக்குப் பேய். பேய்க்கதையில் வாக்கியங்கள் குட்டையாக இருக்கும், தமிழ் தடக்காது. பன்னிரண்டுக்குத் துப்பறியும் கதை, மட்டித் தாளில் வருவதே நல்லது. பதினான்குக்கு வீட்டில் பொய் சொல்லிவிட்டு எங்கோ போகிற பெண்ணின் கதை. பயப்படாதீர்கள், போகிறவள் புத்தகத்தில்தான் போகிறாள். பெரிய எழுத்தாளர்களின் பெரிய நாவல்கள் பதினாறுக்குப் பிறகு. அதுவும் நீங்கள் கொடுக்காமல், அவர்கள் எடுக்கக்கூடிய உயரத்தில் வைத்துவிட்டால் போதும். மன்னர் குதிரையில் வருகிற சரித்திரக் கதைகளை எந்த வயதிலும் வைக்கலாம், குதிரை வேகமாக ஓடினால்.

மலர் வந்தது. பட்டியலின் தலையில், 'தேர்வும் குறிப்பும்: தலைவர்.' பேயும் துப்பறிவாளரும் நீக்கப்பட்டிருந்தார்கள். மற்றது எல்லாம் நான் எழுதியதே, ஒரு திருத்தத்துடன். நான் 'விறுவிறுப்பான' என்று எழுதிய இடத்திலெல்லாம் 'ஆழமான' என்று போட்டிருந்தது.

மாஸ்டரிடம் நேரே கேட்டேன்.

"பாடசாலையின்ர வேலை. பேர் ஆற்றையா இருந்தா என்ன?" என்றார். "நீர் பேப்பரில எத்தனை வருசம் பிழை திருத்தினனீர்?"

"ஆறு."

"ஒரு நாளாவது உம்மட பேர் பேப்பரில வந்ததோ?"

வந்ததில்லை. அடுத்த வருடமும் குகன் வந்து, என் பெயரைப் போடுவதாகச் சத்தியம் செய்தான். மறுபடியும் தலைவர், மறுபடியும் 'ஆழமான'. அவர் பட்டியலில் இருந்த எதையும் வாசித்தவர் அல்ல என்பது எனக்குத் தெரியும். எங்கள் நூலகத்தில் யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்று வெளியே சொல்ல எனக்கு அனுமதி இல்லை. யார் ஒன்றுமே எடுக்கவில்லை என்பதைப் பற்றி விதியில் எதுவும் இல்லை.

4

இந்த வருடம் ஏப்ரலிலும் மேயிலும் பாடசாலை நடக்கவில்லை. ஊரில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி எல்லோரும் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்றோம். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. செப்டெம்பரில் வகுப்புகள் திரும்பத் தொடங்கின, குகனும் தொடங்கினான்.

"அக்கா, பட்டியல் வேணும். இந்த முறை உங்கட பேர் கட்டாயம், சத்தியமா."

"போன முறையும் சத்தியம் செய்தனீ."

"போன முறை சத்தியம் மட்டும்தான் செய்தனான் அக்கா. இந்த முறை டைப் பண்ணியே வைக்கிறன்."

"சரி தம்பி, தாறன்" என்றேன். அவனுக்கே ஆச்சரியம்.

ஊரில் எங்கள் பத்திரிகையின் உள்ளூர்ச் செய்திகளைப் போட்டிப் பத்திரிகை ஒன்று திருடிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. எங்கள் உதவி ஆசிரியர் ஒரு நாள், இல்லாத சனசமூக நிலையத்தில் இல்லாத பேச்சாளர் ஒருவர் உரையாற்றினார் என்று நான்கு வரி எழுதி அச்சுக்குக் கொடுத்தார். மறுநாள் மற்றப் பத்திரிகையில் அது 'நமது நிருபர்' என்று வந்தது. 'திரளான மக்கள் கலந்துகொண்டனர்' என்று அவர்களாக ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். திருடுகிறவன் சும்மா திருட மாட்டான், தன்னுடையதாகக் காட்ட ஏதாவது சேர்ப்பான். அந்தச் சேர்ப்பில்தான் பிடிபடுவான்.

பேயையும் துப்பறிவாளரையும் இந்த முறை நானே நீக்கிவிட்டு, பட்டியலில் பத்தொன்பதாவதாக, உலகத்தில் இல்லாத ஒரு நூலை வைத்தேன். 'கதிரைத் தேடி.' ஆசிரியர், தஞ்சாவூர்ப் பள்ளி ஆசிரியை த. அலமேலு. அப்படி ஒருவரும் இல்லை. குறிப்பு: 'பதின்மூன்று வயதுக்கு மேல். முடிவை முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது.' அவ்வளவுதான். மிச்சத்தை மாஸ்டர் நிரப்பட்டும் என்று விட்டேன்.

தலைப்பை அமைக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. யாழ்ப்பாணத்தாருக்குக் கதிரை என்றால் நாற்காலி. தஞ்சாவூரில் அந்தச் சொல் கிடையாது. அங்கே கதிரை என்றால் கதிர் என்ற ஆளை. நாற்காலியைத் தேடுவதென்றால் 'கதிரை தேடி' என்று ஒற்றில்லாமல் வரும், அல்லது 'கதிரையைத் தேடி' என்று வரும். 'கதிரைத் தேடி' என்று த் போட்டால் அது ஆள்தான். பதினேழு வட்டம் போட்ட கைக்கு அந்த ஒரு த் தெரிகிறதா என்று பார்க்க விரும்பினேன்.

மூன்று பெரிய நூலகங்களின் பட்டியலில் தேடி, அப்படி ஒரு நூலே இல்லை என்று வந்த முடிவை அச்சிட்டெடுத்தேன். கைப்பையில் இருந்த தாள் அதுதான். விழாவில் மாஸ்டரின் நூல் அறிமுகம் முடிந்து கேள்வி நேரம் வரும்போது எழுந்து, 'மாஸ்டர், பத்தொன்பதாவது நூலை எந்தப் பதிப்பகம் போட்டது?' என்று கேட்பது, பிறகு தாளை வாசிப்பது. இரண்டு நிமிட வேலை.

5

ஐந்தரைக்கு மண்டபம் நிறைந்தது. மலர் கைக்குக் கை போனது. முப்பத்தோராம் பக்கத்தில் பட்டியல், தலையில் மாஸ்டரின் பெயர். குகன் என்னைப் பார்க்காமல் ஒலிவாங்கிக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். பத்தொன்பதாவது: 'கதிரைத் தேடி. பதவிக் கதிரைக்கு ஆசைப்பட்டு அலையும் மனிதர்களைச் சாடும் ஆழமான நாவல். முடிவை முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது.'

நான் அந்த வரியை மூன்று முறை வாசித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு இந்த வருடத்தில் வேறு எதிலும் வரவில்லை.

மாஸ்டர் பொன்னாடையுடன் எழுந்து பட்டியலை அறிமுகம் செய்து, பத்தொன்பதாவதுக்கு வந்தார். "இந்த நாவலை நான் ஊரில படிப்பிக்கிற காலத்திலேயே ரெண்டு தரம் வாசிச்சனான். கதிரை கிடைச்சாப் பிறகு மனிசன் எப்பிடி மாறுறான் எண்டதை அந்த அம்மா வடிவா எழுதியிருக்கிறா."

பின்வரிசையில் யாரோ, "தலைவர் தன்ர கதையைச் சொல்லுறார் போல" என்றார். மாஸ்டர் பதினொரு வருடமாகத் தலைவர்.

ஆரணி என் மடியில் இருந்த மலரை எட்டிப் பார்த்தாள். கறுப்பு அட்டை நாவலை மூடினாள்.

"அம்மா, ஹி காட் இட் ரோங்."

"எதை?"

"டைட்டிலை. செயார் எண்டால் கதிரையைத் தேடி எண்டுதானே வரும்? இல்லாட்டிக் கதிரை தேடி. த் வராது." பிறகு மாஸ்டரின் குரலில், மெதுவாக, "வேலை தேடி வந்தான். வேலையைத் தேடி வந்தான்" என்றாள். "இது கதிர். இட்ஸ் சம்வன்ஸ் நேம். ஆரோ ஒராள் கதிரைத் தேடிப் போறார்."

இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் தொடர்ந்து பேசிய தமிழில் இதுதான் அதிகம். கேள்வி நேரம் என்று அறிவித்தார்கள். நான் கைப்பையைத் திறந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது பக்கத்துக் கை உயர்ந்திருந்தது. குகன் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தான்.

"மாஸ்டர், கதிர் கடைசியில கிடைச்சவரோ?"

"ஆர் கதிர்?"

"அந்தக் கதையில வாற கதிர்."

மாஸ்டர் சிரித்தார். "அது ஆளில்லைப் பிள்ளை. கதிரை. நாற்காலி."

"அப்ப ஏன் த் இருக்கு? வேலை தேடி எண்டால் ஒற்று வராது எண்டு நீங்கள்தான் சொல்லித் தந்தனீங்கள். எழுப்பி விட்டுச் சொல்லித் தந்தனீங்கள்."

அவளுடைய பழைய வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசையில் இருந்தார்கள். மூன்று நான்கு பேர் பழக்கதோஷத்தில், "த்" என்று ஒன்றாகக் கத்தினார்கள்.

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முப்பத்தோராம் பக்கத்தைப் பார்த்தார். "அச்சுப் பிழை" என்றார்.

"இல்லை மாஸ்டர்" என்றான் குகன். ஒலிவாங்கி அவனுக்குப் பக்கத்தில் இருந்ததை அவன் கவனிக்கவில்லை என்று பிறகு சொன்னான். "தலைப்பு எல்லாம் வந்தது வந்தபடி ஒட்டினது."

"தஞ்சாவூர்ப் பக்கம் அப்பிடித்தான் எழுதுவினம்."

நடுவரிசையில் ஒருவர் எழுந்தார். அவருடைய மகள் அங்கே இரண்டாம் வகுப்பு, சொந்த ஊர் கும்பகோணம். "மன்னிச்சுக்கணும் மாஸ்டர். எங்க பக்கம் கதிரைன்னா யாருக்குமே தெரியாதுங்க. நாற்காலின்னுதான் சொல்றது. கதிரைத் தேடின்னா, கதிர்ங்கிற ஆளைத் தேடிப் போறதுதான்."

மண்டபம் சிரித்தது. இருநூறு பேரில் எத்தனை பேர் சிரித்தார்கள் என்று நான் எண்ண முயன்றேன். மாஸ்டர் பின்னால் கையால் தடவி வெல்வெட் கதிரையைத் தேடி அமர்ந்தார். அது ஆழமான கதிரை. முழங்கால்கள் மேலே வந்துவிட்டன, இரண்டு குதிக்கால்களும் நிலத்தில் படவில்லை.

தாள் பாதி வெளியே வந்திருந்தது. இனி நான் எழுந்தால் முடிந்துவிடும். ஆரணி தன் கதிரையில் அமர்ந்தாள். கன்னம் சிவந்திருந்தது.

"அம்மா, இந்தப் புத்தகம் உங்கட லைப்ரரியில இருக்கா?"

தாளை உள்ளே வைத்துக் கைப்பையை மூடினேன். மாஸ்டர் மீது இரங்கி அல்ல. அவர் மீது எனக்கு அன்றும் இரக்கம் இல்லை, இதை எழுதும்போதும் இல்லை.

6

தேநீர் மேசையில் மாஸ்டர் என்னிடம் வந்தார். கையில் வடை, கடிக்கவில்லை.

"அந்தப் பட்டியல் நீர் எழுதினதுதானே?"

"இல்லை மாஸ்டர். உங்கட பேர்தானே போட்டிருக்கு."

"அந்தப் புத்தகம் உம்மட்டை இருக்கோ? ஒருக்காப் பாக்கவேணும்."

"நீங்கள் ரெண்டு தரம் வாசிச்சனீங்கள் எல்லோ."

அவர் வடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். இந்தக் குறிப்பு ஊரில்தான் அச்சாகிறது. யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து மிச்சத்தில் ஒரு பிரதி கைமாற மூன்று மாதம் ஆகும். மாஸ்டர் அப்போது வாசிப்பார். வாசிக்கட்டும். 'விறுவிறுப்பான' என்ற சொல்லை இதில் எங்கும் மாற்ற வேண்டாம் என்று பத்திரிகை ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன்.

ட்ராமில் ஆரணி நாவலைத் திறக்கவில்லை. "தேடுறது ஆர்? தங்கச்சியா?" என்று கேட்டாள். "கதிர் ஹைட் பண்ணுறாரா, இல்லாட்டி ஆரும் கொண்டுபோனவையா?" இந்த வருடம் எங்கள் வீடுகளில் அந்தக் கேள்வியை ஊரில் காணாமற்போன வேறு ஆட்களைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது.

"முடிவைச் சொல்லக் கூடாது எண்டு போட்டிருக்கு" என்றேன்.

"அப்ப நீங்கள் வாசிச்சனீங்களோ?"

"ஓம்."

"எத்தனை தரம்?"

"ஒரு தரம்."

எங்கள் தரிப்பு கடந்து போயிருந்தது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அடுத்ததில் இறங்கி நடந்தோம்.

திங்கட்கிழமை மதிய வேலைக்குப் போனேன். ஐந்து மணிக்கு விண்ணப்பப் பெட்டியைத் திறந்தபோது ஒரே நூலைக் கேட்டு நான்கு படிவங்கள். மூன்று அந்த மண்டபத்தில் இருந்த குடும்பங்களுடையவை, ஆங்கில எழுத்தில், மூன்று விதமாக. நான்காவதில் எங்கள் வீட்டு விலாசம். ஆங்கிலக் கட்டம் வெறுமையாக இருந்தது. கீழே, யாரும் நிரப்பாத 'வேறு மொழி' கட்டத்தில், நீல மையில், ஆரணியின் கையெழுத்தில் 'கதிரைத் தேடி' என்று எழுதியிருந்தது. த் இருந்தது.